அப்பா கம்ப்யூட்டர்ல நெட் வராம போன கதை

தீபாவளிக்கு சிங்கப்பூர்லேருந்து கும்பகோணம் போயிருந்தேன், பத்து நாள் லீவு. பையை கூட இறக்கி வைக்கல, அப்பா "கம்ப்யூட்டர்ல மூணு வாரமா நெட் வரலப்பா"ன்னார். போன்ல வைஃபை நல்லாத்தான் வருது, ஆனா அவருக்கு கண்புரை ஆபரேஷன் ஆனதுலேருந்து பேரப் பசங்களை பெரிய ஸ்க்ரீன்ல பாத்தாதான் திருப்தி, அந்த டெஸ்க்டாப்ல வைஃபை கிடையாது, மாடில இருக்கற ரௌட்டர்லேருந்து லேன் ஒயர்தான்.

இந்த மூணு வாரத்துல அவர் நெட் கம்பெனிக்கு நாலு தடவை போன் பண்ணிருக்கார். அதுல ஒரு பையன் 127.0.0.1க்கு பிங் பண்ண, அதாவது பதில் வருதான்னு சின்னதா ஒரு மெசேஜ் அனுப்பி பாக்க சொல்லி, ரிப்ளை வந்ததும் "உங்க கார்டு நல்லா இருக்கு சார், வைரஸா இருக்கும்"னு வச்சிட்டான். எனக்கு வயிறு எரிஞ்சுது. அந்த பிங் கம்ப்யூட்டரை விட்டு வெளியவே போகாது, உள்ளயே சுத்திட்டு திரும்பிடும், லேன் ஒயர் வந்து சேர்ற பாகம்தான் கார்டு, அது செத்திருந்தாலும் ரிப்ளை வரும். அதை நம்பி அப்பா விண்டோஸை வேற ஒருத்தர்கிட்ட 500 ரூபா குடுத்து புதுசா போட்டிருக்கார், பழைய போட்டோ கொஞ்சம் அதுல போச்சு.

நான் உக்காந்து, கம்ப்யூட்டரோட நெட் அட்ரஸை காட்டற ஐபிகான்ஃபிக் கமாண்டை அடிச்சு பாத்தேன், 169.254ல ஆரம்பிக்கற அட்ரஸ் வந்துது. ரௌட்டர் கிட்டேருந்து பதில் வரலன்னா விண்டோஸ் தானே போட்டுக்கற அட்ரஸ் அது. ஆனா அதை மட்டும் வச்சு கார்டுதான் போச்சுன்னு சொல்லிட முடியாது, ஒயரா இருக்கலாம், ரௌட்டர் போர்ட்டா இருக்கலாம். அதனால அதே ஒயரை பிடுங்கி என் லேப்டாப்ல சொருகுனேன், வைஃபையை ஆஃப் பண்ணிட்டு பாத்தா ஜம்முனு நெட் வருது. ஒயரும் ரௌட்டரும் சரின்னு ஆயிடுச்சு. கார்டை இயக்கற சாஃப்ட்வேரான டிரைவரை அழிச்சிட்டு திரும்ப போட்டேன், அப்பவும் அதே 169.254தான்.

மறுநாள் சிபியுவை ஆட்டோல தூக்கிட்டு போனோம். முதல் கடைல மூடியை கூட கழட்டல, "லேன் போர்டுலயே இருக்கு சார், மதர்போர்டு மாத்தணும், 5500 ஆகும்"னாங்க. அதாவது லேன் கார்டு தனியா இல்ல, எல்லா பாகமும் சேர்ற பெரிய போர்டான மதர்போர்டுலயே சேர்ந்திருக்காம். நான் பக்கத்துல இல்லன்னா அப்பா குடுத்துட்டுதான் வந்திருப்பார், அதை நினைச்சாதான் இன்னும் மனசு ஆறல.

ரெண்டாவது போனது சின்ன கடை, முப்பது வயசுகூட இருக்காது அந்த தம்பிக்கு. எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு "ஐயா, மூணு வாரம் முன்னாடி இடி மழை பெஞ்சுதா, ஒயர் வெளியில போகுதா?"ன்னு அப்பாகிட்ட கேட்டான். போகுது, மொட்டை மாடி கைப்பிடி சுவரை ஒட்டி சுமார் இருபது மீட்டர் வெளியிலதான் கிடக்கு. மின்னல் வீட்டுல விழணும்னு அவசியமில்ல அண்ணே, பக்கத்துல எங்கயாவது விழுந்தாலே அந்த செப்புக் கம்பில கரண்ட் ஏறி சிப்பை அடிச்சிடும், ஐப்பசி வந்தா இந்த மாதிரி நிறைய வரும்னான். பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ல, போர்டு லேனை ஆஃப் பண்ணிட்டு, மதர்போர்டுல கூடுதல் கார்டு சொருக காலியா இருந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்ல தனி லேன் கார்டு ஒண்ணை சொருகி, கடை லைன்லயே நெட் ஓட்டி காமிச்சான். கார்டு 650, கூலி 150, அவ்ளோதான். 800 ரூபால முடியற வேலைக்குத்தான் அங்க 5500 கேட்டாங்க.

நம்ம ஊர் வேலைன்னாலே குறை சொல்ற என் சிங்கப்பூர் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் இந்த தம்பியை பத்தி சொல்லிட்டேன். காசு வாங்குனதுக்கப்புறமும் "இடி இடிச்சா பவர் பிளக் மட்டும் இல்லீங்க ஐயா, லேன் ஒயரையும் பிடுங்கிடுங்க"ன்னு அப்பாகிட்ட ரெண்டு தடவை சொன்னான்.

கிளம்பறதுக்கு முன்னாடி அந்த மாடி ஒயரை கழட்டிட்டு மாடிப்படி உள்பக்கமா புது ஒயர் இழுத்து குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை அப்பா வீடியோ கால்ல வந்தார், என் சின்னவ பல்லு விழுந்ததை பெரிய ஸ்க்ரீன்ல பாத்துட்டு "இன்னும் கிட்ட வா"ன்னு சொல்லிட்டே இருந்தார்.