இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி: சில வருடங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை

நெட்வொர்க் டிரைவ் (வேறொரு பெட்டியில் இருக்கும் ஃபோல்டரை நம் சிஸ்டத்தில் ஒரு டிரைவாகக் காட்டுவது) காலையில் தானாகச் சேரவில்லை என்றால் பெரும்பாலானோர் முதலில் அந்த டிரைவைத் துண்டித்துவிட்டு மறுபடி மேப் செய்கிறார்கள், அதாவது டிரைவ் எழுத்து கொடுத்து இணைக்கிறார்கள். அன்றைக்குச் சரியாகிவிடும். மறுநாள் காலை டிரைவை இணைக்க முடியவில்லை என்ற அதே அறிவிப்பு, டிரைவின் மேல் அதே சிவப்புக் குறி. டிரைவில் கோளாறு இருந்தால்தானே மறுபடி மேப் செய்து தீரும்? பெரும்பாலும் கோளாறு நேரத்தில்தான். நாம் லாகின் ஆகும் நொடியில் நெட்வொர்க் இன்னும் தயாராகவில்லை. விண்டோஸ் ஒருமுறை முயன்று பார்க்கிறது, கிடைக்கவில்லை என்றதும் விட்டுவிடுகிறது.

நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆடிட்டர் ஆபீஸில் கிளையன்ட் ஃபைல்கள் எல்லாம் உள்ளறையில் இருக்கும் ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன. டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டாவும் அங்கேதான். எல்லா சிஸ்டத்திலும் அதற்கு இசட் டிரைவ் என்று பெயர். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தவரை இந்தத் தொல்லை அபூர்வம். வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்ட பிறகுதான் தினசரி ஆனது. முன்பு டெஸ்க்டாப் வருவதற்குள் நெட்வொர்க் நிதானமாக வந்து சேர்ந்துவிடும். இப்போது டெஸ்க்டாப் முந்திக்கொள்கிறது. கரண்ட் போய் வந்த நாட்களில் இன்னும் மோசம். சிஸ்டம் அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடும், நாஸ் எழுந்து ஷேர்களை, அதாவது பகிர்ந்த ஃபோல்டர்களைத் திறக்கச் சில நிமிடங்கள் ஆகும். ரௌட்டரையும் நாஸையும் யுபிஎஸ்ஸில் போட்டதே பாதி வைத்தியம்.

நேரப் பிரச்சினைதானா என்று கண்டுபிடிக்க வழி எளிது. கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட் யூஸ் என்று தட்டினால் இசட் டிரைவுக்கு நேரே ‘அன்அவைலபிள்’ என்று காட்டும். எக்ஸ்ப்ளோரரில் அந்த டிரைவை ஒருமுறை டபுள் கிளிக் செய்து, ஃபோல்டர்கள் திறந்ததும் அதே கட்டளையைத் தட்டிப் பாருங்கள். ‘ஓகே’ என்று மாறியிருந்தால் பாஸ்வேர்டிலும் அனுமதியிலும் குறையில்லை, நேரம்தான் குற்றவாளி. ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் ஒழுங்காகச் சேர்கிறது, ஷட்டவுன் செய்து மறுநாள் போட்டால் சேரவில்லை என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மேல் சந்தேகப்படலாம். அது ஷட்டவுன் சமயத்தில் விண்டோஸின் உள்பகுதியைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே எழுப்புகிறது. ரீஸ்டார்ட்டில் அது நடப்பதில்லை. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துவிட்டால் போதும். எஸ்எஸ்டி இருக்கும் சிஸ்டத்தில் இதனால் இழப்பது சில நொடிதான்.

விண்டோஸ் ப்ரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசி என்ற அமைப்புப் பட்டியலிலும் ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் என்று போனால், தொடக்கத்திலும் லாகினிலும் எப்போதும் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் அமைப்பு இருக்கும். கேபிள் போட்ட சிஸ்டங்களில் இது எனக்கு நன்றாக உதவியது. வைஃபை லேப்டாப்களில் பெரிய பலனில்லை. சில இடங்களில் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சையும் பார்க்க வேண்டும். அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ (டேட்டா வட்டமாகச் சுற்றாமல் தடுக்கும் ஏற்பாடு) ஓடினால், பழைய முறைப்படி ஒரு போர்ட் உயிர்பெற்றபின் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, பிறகுதான் டேட்டாவைக் கடத்தும். அந்த அரை நிமிடத்தில் லாகின் முடிந்தே போய்விடும். கம்ப்யூட்டர் செருகிய போர்ட்களுக்கு மட்டும், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் கொடுத்தால் தீரும்.

இத்தனையும் செய்த பிறகும் சில சிஸ்டங்கள் அடங்கவில்லை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் இது தெரிந்த குறை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரப்பூர்வமாகவே ஒத்துக்கொண்டு, தற்காலிகத் தீர்வாக ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்தது. ‘அன்அவைலபிள்’ நிலையில் இருக்கும் டிரைவ்களைத் தேடி மறுபடி இணைக்கும் ஸ்கிரிப்ட் அது. அந்த யோசனையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். இன்றுவரை நம்பி வைத்திருப்பதும் அதைத்தான். என்னுடையது சின்ன பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்): நாஸுக்கு பிங் போகிறதா, அதாவது அது பதில் தருகிறதா என்று பார்க்கும். பதில் இல்லையென்றால் பத்து நொடி பொறுத்து மறுபடி பார்க்கும். பதில் வந்ததும் நெட் யூஸ் மூலம் இசட் டிரைவை இணைக்கும். குறிப்பிட்ட முறைகளுக்கு மேல் முயலாமல் நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் நாஸ் அணைந்திருக்கும் நாளில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதவே கூடாது. பாஸ்வேர்டுகளை வைத்துக்கொள்ளும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்துவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும்.

இந்த ஃபைலைத் தானாக ஓட்ட விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போடும்போதுதான் கவனம் வேண்டும். எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் ட்ரிகரில் லாகினுக்குப் பிறகு 30 நொடி தாமதம் கொடுங்கள். உச்ச அனுமதியோடு ஓடச் சொல்லும் டிக்கைப் போடாதீர்கள். அட்மின் உரிமையோடு இணைத்த டிரைவ் சாதாரண எக்ஸ்ப்ளோரரின் கண்ணுக்குத் தெரியாது. டாஸ்க் வெற்றி என்று காட்டும், டிரைவைக் காணோம். டேலியை அட்மினாகத் திறப்பவர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும்: எக்ஸ்ப்ளோரரில் இசட் டிரைவ் இருக்கும், டேலிக்கு அது தெரியாது. லேப்டாப்பில் இன்னொன்று. டாஸ்கின் கண்டிஷன்ஸ் பக்கத்தில், சார்ஜர் செருகியிருந்தால் மட்டும் ஓட்டு என்ற டிக் முதலிலிருந்தே போடப்பட்டிருக்கும். அதை எடுக்காவிட்டால் மீட்டிங் ரூமில் பேட்டரியில் போடும்போதெல்லாம் இசட் டிரைவ் வராது. சார்ஜரோடு மேசையில் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால் இது எளிதில் பிடிபடாது.

விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரெஸ்டோர்கனெக்‌ஷன் என்ற மதிப்பை பூஜ்யமாக்கி அந்த அறிவிப்பையே வராமல் செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். செய்யலாம்தான், ஆனால் அது அறிவிப்பை மறைக்குமே தவிர டிரைவைச் சேர்க்காது. ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான சிஸ்டங்களில் மட்டும் அதைச் செய்கிறேன். மற்ற இடங்களில் அந்த அறிவிப்பு வரட்டும். காலையில் யாராவது ஃபோன் செய்து சொல்ல அதுதான் காரணமாக இருக்கிறது.

டபுள் கிளிக் செய்தும் டிரைவ் திறக்கவில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது, அது வேறு வியாதி. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது பல இடங்களில் நடந்தது இதுதான். ப்ரோ பதிப்பில் எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறை) சைனிங், அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் கையெழுத்துச் சரிபார்ப்பு, கட்டாயமானது, பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் இணைப்பும் அடைக்கப்பட்டது. பழைய நாஸில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று திறந்துவைத்திருந்த ஷேர்கள் அப்படியே நின்றுபோயின. அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தும் குறுக்குவழிகள் கிடைக்கும், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். நாஸில் ஆளுக்கொரு யூசர் உருவாக்கி, ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதே சரி. 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது பழைய எஸ்எம்பி 1-ஐத் திறந்துவைத்திருந்தவர்கள் பட்ட பாடு நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1219 என்ற எண்ணோடு பிழை வந்தால், ஒரே நாஸுக்கு இரண்டு வேறு யூசர் பெயரில் இணைக்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். நெட் யூஸில் பழைய இணைப்பை அழித்துவிட்டு ஒரே பெயரில் இணையுங்கள்.

அப்புறம், நாஸின் ஐபி முகவரி மாறாமல் இருக்க ரௌட்டரில் அதை ரிசர்வ் செய்துவிடுங்கள். பெயரால் தேடிக் கிடைக்காத நாட்களிலும் ஸ்கிரிப்ட் அந்த முகவரியைப் பிடித்துக்கொள்ளும். பெயரும் முகவரியும் விண்டோஸுக்கு வேறு வேறு சர்வர் மாதிரி. அதனால் கிரெடென்ஷியல் மேனேஜரில் இரண்டுக்கும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும்.

வீட்டிலிருந்து விபிஎன் (இன்டர்நெட் வழியே ஆபீஸ் நெட்வொர்க்கில் சேரும் பாதுகாப்பான இணைப்பு) மூலம் வேலை செய்பவர்களுக்கு லாகின் சமயத்து டாஸ்க் பயன்படாது. அவர்கள் விபிஎன்னை இணைப்பதே பிறகுதானே. அதே பேட்ச் ஃபைலுக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வைத்துக் கொடுத்திருக்கிறேன். விபிஎன் வந்ததும் அதை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு டேலியைத் திறக்கிறார்கள்.