கிளம்பரா, ஸ்பிரிங்கரா: சாதுவான நாய்க்கும் வேலை உண்டு

"ஸ்பிரிங்கர் ஓயாமல் ஓடுமாம், கிளம்பர் உருவம் பெரிசானாலும் சாதுவாம். அப்போ கிளம்பரையே வாங்கிடலாமா?" இங்கிலாந்தில் கிளம்பர், ஸ்பிரிங்கர் போன்ற ஸ்பேனியல் வகை நாய் வளர்க்க நினைக்கும் நம் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. எங்கள் வீட்டில் பஞ்சு என்கிற கிளம்பர் ஆறு வருடமாக இருக்கிறான். பக்கத்து வீட்டு டெய்சி ஸ்பிரிங்கர். அவர்கள் வெளியூர் போனால் அவள் எங்களோடுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கிளம்பர் சாதுதான், ஆனால் வேலை குறைவில்லை. ஸ்பிரிங்கருக்கான வேலை பெரும்பாலும் வாசலுக்கு வெளியே, கிளம்பருக்கான வேலை வீட்டுக்குள்ளே.

இரண்டுமே வேட்டைக்கென்று வளர்த்தெடுத்த இனங்கள். புதரில் பதுங்கிய பறவையை விரைந்து போய்க் கிளப்புவது ஸ்பிரிங்கரின் தொழில். பதுங்கிய பறவையைக் கிளப்புவதை ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்' என்பார்கள், பெயரே அதிலிருந்து வந்ததுதான். கிளம்பர் அடர்ந்த புதருக்குள் தன் கனத்தாலேயே வழி பண்ணிக்கொண்டு, நிதானமாக, சத்தமில்லாமல் நுழையும். நாட்டிங்காம்ஷயரில் நியூகாசில் பிரபுக்களுக்கு இருந்த கிளம்பர் பார்க் என்ற எஸ்டேட்டின் பெயர்தான் இதற்கு வந்தது. பிரெஞ்சுப் புரட்சி நேரத்தில் பிரான்சில் இருந்த ஒரு பிரபு தன் நாய்களைக் காப்பாற்ற கிளம்பர் பார்க்குக்கு அனுப்பிவைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் எதுவும் கிடையாது. பிரான்சிஸ் வீட்லி 1788-இல் வரைந்த ஓவியத்திலேயே நியூகாசில் பிரபுவோடு இந்த நாய்கள் இருக்கின்றன. புரட்சி அதற்கு அடுத்த வருடம்தான்.

கிளம்பர் பார்க்கில் இருந்த மாளிகையை 1938-இல் இடித்துவிட்டார்கள். பூங்கா இப்போது, பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது. இரண்டு மைல் நீளத்துக்கு இருபுறமும் லைம் மரங்கள் (எலுமிச்சை இல்லை, லிண்டன்) நிற்கும் சாலை அங்கே உண்டு. இரண்டு நாய்களையும் கூட்டிப்போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டெய்சி பத்து நிமிடத்தில் புதருக்குள் நாலு தடவை போய்வந்திருப்பாள். பஞ்சு ஒவ்வொரு மரத்தடியையும் மோந்து முடித்துத்தான் அடுத்த மரத்துக்கு வருவான். அவனுக்குக் காலையில் நாற்பது நிமிடம், மாலையில் அரை மணி நேரம் போதும். டெய்சிக்கு இரண்டு மணி நேரம் ஓடினாலும் மூளைக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். ஒளித்து வைத்த பந்தை மோப்பம் பிடித்துத் தேட விட்டால்தான் அடங்குவாள். போலீஸ் மோப்ப வேலைக்கு இந்த இனத்தைத் தேடிப் பிடிப்பது இந்தக் குணத்துக்காகத்தான். வேலை கொடுக்காமல் விட்டால் சோபாவும் செருப்பும் மிஞ்சாது.

சரி, வீட்டுக்குள் வருவோம். டெய்சி 20 கிலோ, பஞ்சு 33 கிலோ. முதல் விஷயம் முடி. கிளம்பருக்கு வெள்ளை முடி வருடம் முழுக்கக் கொட்டும், கறுப்பு பேன்ட் போட்டுக்கொண்டு வெளியே கிளம்ப முடியாது. தொங்கும் உதட்டிலிருந்து எச்சில் வழியும், தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை உதறினால் சுவரில் தெறிக்கும். குறட்டையும் உண்டு. இரண்டு இனத்துக்குமே தொங்கு காதுதான். வாரம் ஒருமுறை மூக்கை வைத்து மோந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் உள்ளே தொற்று ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

நான் அதிகம் சொல்ல வேண்டியது கண்ணைப் பற்றி. கிளம்பரின் கீழ் இமை தளர்ந்து தொங்கும், உள்ளே சிவப்புத் தெரியும். பார்க்கப் பாவமாக, அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பள்ளத்தில் தூசியும் புல்லும் தங்கும். சில நாய்களுக்கு இமை உள்பக்கம் மடிந்து விழியை உரசும், அதற்கு ஆபரேஷன்தான். தினமும் இரவு நான் தரையில் உட்கார்ந்ததும் பஞ்சு தானாக வந்து என் மடியில் தலையை வைப்பான். கொதித்து ஆறிய நீரில் பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைப்பேன். ஒரு கண்ணுக்கு ஒரு துண்டு, மறு கண்ணுக்கு வேறு. போன ஜூலையில் ஒரு கண்ணைப் பாதி மூடியபடியே வந்தான். முதலில் பார்த்த டாக்டர் ஒவ்வாமை என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். நாலாம் நாள் வேறொருவரிடம் போனோம். அவர் மூன்றாம் இமைக்கு (நாயின் கண் உள்மூலையில் இருக்கும் சவ்வு) அடியிலிருந்து ஒரு புல் விதையை எடுத்துக் காட்டினார். அந்த நாலு நாள் அவன் பட்ட வேதனையை நினைத்தால் இன்றும் மனசு பொறுக்கவில்லை. நாய் ஒரு கண்ணைச் சுருக்கினால் விதை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் வாய். கிளம்பருக்கு எதையாவது கவ்விக்கொண்டே இருக்க வேண்டும். சாக்ஸ் கிடைத்தால் சில சமயம் விழுங்கியும் விடும், குடலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. துரத்தாதீர்கள், துரத்தினால் சீக்கிரம் விழுங்கும். வேகவைத்த கோழித் துண்டை நீட்டி மாற்றி வாங்கக் குட்டியிலிருந்தே பழக்குங்கள்.

இந்த உடம்புக்கு இடுப்பு மூட்டும் முதுகுத்தண்டும்தான் பலவீனம். காரில் ஏற சாய்பலகை வைத்துவிட்டோம். தீனிக்காக எப்போதும் ஏங்கும் நாய் இது, மனசு இளகினால் எடை கூடிவிடும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்த்துத்தான் அளவு வைக்கிறேன். வாங்கும்போது தாய் தகப்பனின் இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது என்று காட்டும் ஸ்கோரையும், பிடிபி1 குறைபாட்டுக்கான மரபணுப் பரிசோதனை முடிவையும் கேளுங்கள். அந்தக் குறைபாடுள்ள நாய் கொஞ்சம் ஓடினாலே துவண்டு விழும்.

நடுவில் சசெக்ஸ் ஸ்பேனியல் என்று ஒன்று உண்டு. பொன்னிறப் பழுப்பு, குட்டையான கால், எடையில் டெய்சியைப் போலத்தான். நியூயார்க்கில் நடந்த 2009 வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில் பட்டம் வென்ற ஸ்டம்ப் இந்த இனம்தான், அப்போது அவனுக்குப் பத்து வயது. நல்ல நாய், ஆனால் வேட்டையில் குரல் கொடுப்பதற்குப் பேர்போனது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கிடைப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. ஸ்பிரிங்கர் குட்டி எங்கும் கிடைக்கும். வேட்டை வழியில் வந்ததா, கண்காட்சி வழியில் வந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், வேட்டை வழிக் குட்டிக்கு வேகம் இன்னும் அதிகம். கிளம்பரும் சசெக்ஸும், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டிஷ் அமைப்பான கென்னல் கிளப்பின் அருகிவரும் உள்நாட்டு இனப் பட்டியலில் இருப்பவை. வருடத்துக்கு 300 குட்டிகள்கூடப் பதிவாகாத இனங்களுக்கான பட்டியல் அது. அதனால் காத்திருக்கத்தான் வேண்டும்.

மழையோ பனியோ தினம் இரண்டு மணி நேரம் நடக்கிற குடும்பம் ஸ்பிரிங்கரை எடுங்கள், அதைப்போல உற்சாகமான துணை கிடையாது. வீட்டில் பகலெல்லாம் ஒருவர் இருப்பார், தினமும் துடைக்கவும் சீவவும் சலிக்காது, வழுக்காத தரையும் இருக்கிறது என்றால் தயங்காமல் கிளம்பர். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால், வளர்ப்பவர் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போய்த் தாய் நாயின் பக்கத்தில் உட்காருங்கள். அதன் கீழ் இமையைப் பாருங்கள், அது எழுந்து நடப்பதைப் பாருங்கள். அவர் அனுமதித்தால் கண்ணை நீங்களே துடைத்துப் பாருங்கள்.