இடம் மாற்றினாலும் ஓடும் நிரல்: ஸ்கிரிப்ட்டா, ஆர்பாத்தா, முன்னொட்டு மாற்றமா, ஸ்டாட்டிக்கா?

நிரலையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டாயிற்று. ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தியதும் லைப்ரரியைக் காணோம் என்று நிரல் நின்றுவிடுகிறது. விண்டோஸில் இந்தத் தொல்லை குறைவு. நிரல் இருக்கும் ஃபோல்டரில் டிஎல்எல்களை (விண்டோஸின் லைப்ரரிகளை) தேடுவது அங்கே இயல்பு. நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் லினக்ஸ் லோடரோ, லைப்ரரி பக்கத்திலேயே கிடந்தாலும் நாம் சொன்னால்தான் பார்க்கும். அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் போட்டி.

கைக்குச் சீக்கிரம் வருவது ஷெல் ஸ்கிரிப்ட். தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியில் லைப்ரரி ஃபோல்டரைப் போட்டுவிட்டு, அசல் நிரலை அது ஓட்டும். பைனரியை, அதாவது கம்பைல் ஆன நிரல் கோப்பை, தொட வேண்டாம், மூலநிரலும் வேண்டாம். ஆனால் சூழல் மாறி அந்த நிரலோடு நிற்பதில்லை, அது தொடங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் போகிறது. உதவிப் பக்கத்தைக் காட்ட உங்கள் நிரல் உலாவியைத் திறக்கிறது என்று வையுங்கள். கணினியில் உள்ள ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியை விட்டுவிட்டு, நீங்கள் கட்டிக் கொடுத்த பழையதை எடுத்துக்கொண்டு உலாவி விழும். பழியும் உலாவி மேல்தான் விழும். ஒரு அவசரத்துக்குச் சரி. வெளியே கொடுக்கும் மென்பொருளுக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

என் தேர்வு ஆர்பாத். தேட வேண்டிய பாதையை பைனரிக்குள்ளேயே எழுதிவிடுகிறோம், அதுவும் முழுப் பாதையாக இல்லாமல் $ஆரிஜின் என்று தொடங்கி. ஓடும்போது லோடர் அந்த இடத்தில் அந்த பைனரி இருக்கும் ஃபோல்டரைப் போட்டுக்கொள்ளும். '$ஆரிஜின்/../லிப்' என்று கொடுத்துவிட்டால் ஃபோல்டர் எங்கே போனாலும் கவலை இல்லை. ஷெல் அந்த டாலரைத் தின்றுவிடாமல் ஒற்றை மேற்கோள் வேண்டும்; மேக்ஃபைலில் டாலரை இரட்டிக்கவும் வேண்டும். இரட்டிக்க மறந்தால் முதல் எழுத்தும் சேர்ந்து காணாமல் போய், எஞ்சியது மட்டும் பைனரியில் பதிவாகும்.

இதற்குள்ளேயே இன்னொரு போட்டி இருக்கிறது: பழைய ஆர்பாத், புதிய ரன்பாத். ஆர்பாத்தை லோடர் எல்டி_லைப்ரரி_பாத்துக்கு முன்னால் பார்க்கும், ரன்பாத்தைப் பின்னால். பயனர் விரும்பினால் வேறு லைப்ரரியை மாட்டிப் பார்க்க ரன்பாத் இடம் கொடுக்கிறது, அது நல்லதுதான். ஆனால் ஒரு வலை இருக்கிறது. நிரலின் ரன்பாத், நிரல் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டுமே செல்லும். நிரல் கேட்ட முதல் லைப்ரரி இரண்டாவது ஒன்றைக் கேட்டால், அதைத் தேட முதல் லைப்ரரிக்குச் சொந்தமாக ரன்பாத் இருக்க வேண்டும். ஆர்பாத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பல லினக்ஸ் விநியோகங்களில், நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கர் ரன்பாத்தையே எழுதுவதால், நிரலுக்கு மட்டும் பாதை கொடுத்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். கட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் தனியாக $ஆரிஜின் எழுதிவிடுங்கள், தீர்ந்தது.

ஏற்கெனவே கம்பைல் ஆன பைனரி என்றால், உள்ளே இருக்கும் பாதையை மாற்ற பேட்ச்எல்ஃப் என்ற கருவி. சிஆர்பாத் என்ற பழைய கருவியும் உண்டு, ஆனால் இருக்கும் பாதையைவிட நீளமானதை அதனால் எழுத முடியாது.

மேக்கில் இதே வேலையை @லோடர்_பாத், @ஆர்பாத் செய்கின்றன. அங்கே லைப்ரரி தன் பெயரையும் பாதையையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும். லிங்க் செய்யும்போது அது நிரலுக்குள் நகலாகிறது. அதனால் இரண்டு பக்கமும் திருத்த வேண்டும். திருத்தினால் கையொப்பம் செல்லாது. ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் மறுபடி கையொப்பமிடாத பைனரியை இயக்குதளம் ஓடவே விடாது.

அடுத்தது கோண்டா என்ற தொகுப்பு மேலாளர் கையாளும் முன்னொட்டு மாற்றம். முன்னொட்டு என்பது நிறுவும் ஃபோல்டரின் பாதை. 255 எழுத்து நீளமான ஒரு பொய்ப் பாதையைக் கொடுத்து கம்பைல் செய்வார்கள். நிறுவும்போது பைனரிக்குள் அது இருக்கும் இடத்தில் உண்மைப் பாதையை எழுதி, மீதியைச் சுழிய பைட்டுகளால் நிரப்புவார்கள். பார்க்க முரட்டு வேலைதான். ஆனால் ஆர்பாத் தொடாத ஒன்றை இது தொடுகிறது: ஐகான், அமைப்புக் கோப்பு, ப்ளக்இன் என்று நிரலுக்குள் உறைந்து கிடக்கும் மற்றப் பாதைகள். ஆர்பாத் வழியில் போனால் இவற்றை உங்கள் நிரலே தேட வேண்டும். லினக்ஸில் /ப்ராக்/செல்ஃப்/எக்ஸ்இ-யைப் படித்து, தான் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிட வேண்டும். முன்னொட்டு மாற்றத்தில் அந்தச் சிரமம் இல்லை. பதிலுக்கு, நிறுவும்போது எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்கலாமே தவிர, நிறுவியபின் நகர்த்தினால் உடையும்.

ஸ்டாட்டிக் லிங்க் செய்தால், அதாவது லைப்ரரிகளை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால், தேடலே கிடையாது. மஸ்ல் என்ற சிறிய சி லைப்ரரியோடு சின்னக் கட்டளைக் கருவிகளுக்கு அருமை. பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களின் சி லைப்ரரியான ஜிலிப்சியோடு சிக்கல்: பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வேலைக்கு அது ஓடும் நேரத்தில் கணினியிலுள்ள லைப்ரரிகளைத் தேடும். ப்ளக்இன் ஏற்றும் நிரல்களுக்கும் இது ஒத்துவராது.

ஜிலிப்சியையும் ஃபோல்டரில் போட்டுக் கொடுக்கலாமா என்றால், வேண்டாம். லோடரின் பாதை பைனரிக்குள் தனியாக இருக்கிறது. அதைத் திறப்பது இயக்குதளத்தின் மையமான கெர்னல், அதற்கு $ஆரிஜின் தெரியாது. லோடரும் ஜிலிப்சியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்பதால், ஒன்றை மட்டும் மாற்றினால் நிரல் கிளம்பாது. பழைய ஜிலிப்சியோடு கம்பைல் ஆனது புதியதிலும் ஓடும் என்பதால், பழைய ஜிலிப்சி உள்ள கணினியில் கம்பைல் செய்வதே வழி. பைத்தானின் மெனிலினக்ஸ்2014 தொகுப்புகள் ஜிலிப்சியின் 2.17 பதிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

கொடுக்கும் முன் ஃபோல்டரை நகர்த்தி, கம்பைல் செய்த பழைய இடத்தின் பெயரையும் மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பழைய இடம் அப்படியே இருந்தால், விட்டுப்போன பாதைகள் அங்கிருந்தே லைப்ரரியை எடுத்துக்கொண்டு எல்லாம் சரியாக ஓடுவதுபோல் காட்டும்.