நகர எல்லையில் ஒரு மாட்டுக் கொட்டில்: அனுமதிப்பத்திரச் சேவை பற்றிய மதிப்பீடு

நான்கு பசுக்கள் கட்டியிருக்கும் கொட்டிலுக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு எனக்கு எட்டு மாதங்கள் சென்றன. அந்த எட்டு மாதங்களில் பதினொரு தடவை அலுவலகப் படியேறினேன். சேவையை வழங்கியது இலங்கையின் மலையகத்தில் வேகமாகப் பரந்துவரும் ஒரு நகரத்தின் உள்ளூராட்சி மன்றம். பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யப்படும் எந்த வேலையையும் நல்லது, கெட்டது என்று எடுத்துச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்பதால், ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் இதை எழுதுகிறேன்.

என் தந்தையார் இந்தக் கொட்டிலைக் கட்டியபோது சுற்றிலும் தேயிலையும் லீக்ஸ் பாத்திகளுமே இருந்தன. இன்று மேல்புறத்தில் மூன்று விடுதிகள் நிற்கின்றன. கீழ்ப்புறத்துச் சரிவில் வீடுகள் ஓடைக்கரை வரை இறங்கிவிட்டன. ஏப்ரல் வசந்த காலத்தில் தங்க வந்த விருந்தினர் சாணி மணத்தைப் பற்றிக் குறைப்பட்டதாக ஒரு விடுதியிலிருந்து முறைப்பாடு சென்றது. அதன் பின்னர்தான் 'அனுமதிப்பத்திரம் உண்டா?' என்ற கேள்வி என் வாசலுக்கு வந்தது. (2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது மரக்கறித் தோட்டக்காரர்கள் இதே சாணிக்காக அதிகாலையிலேயே சாக்குகளுடன் வந்து நின்றார்கள். அந்த வருடம் எவருக்கும் மணம் எட்டவில்லை.)

சட்டம் முறைப்பாட்டாளருக்குப் பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் இன்னும் உயிருடன் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை வழங்கலாம். விலங்குகளின் எண்ணிக்கை கூடினால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவைப்படும். நான்கு மாடுகள் வைத்திருக்கும் எனக்கு மன்றத்தின் அனுமதிப்பத்திரமும் சுகாதாரப் பரிசோதனையும் போதும் என்றார்கள்.

முதலில், விண்ணப்பங்களை வாங்கும் கருமபீடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி அதுதான். காணி உறுதியின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் சான்று, கால்நடை வைத்திய அலுவலகத்தின் பண்ணைப் பதிவு, அயலவர் இருவரின் சம்மதக் கடிதம் ஆகிய நான்கும் தேவை என்பதை ஒரே நாளில் ஒரே தாளில் எழுதித் தந்திருக்கலாம். அவ்வாறன்றி, ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகே அடுத்தது கேட்கப்பட்டது. விண்ணப்பப் படிவமும் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. தமிழும் அரசகரும மொழியாகும் என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறிவிட்டதை நான் மெதுவாக நினைவூட்டியபோது, எழுதுவினைஞர் மேசையின் அடி இழுப்பறையிலிருந்து மங்கிப்போன தமிழ்ப் பிரதி ஒன்றை எடுத்து, "இதை யாரும் கேட்கிறதில்லை, மாஸ்டர்" என்றார். அவர் மீது கோபம் வரவில்லை; அவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம்.

பரிசோதனை முற்றிலும் வேறு தரத்தில் இருந்தது. பொதுச் சுகாதார பரிசோதகரும் மன்றத்தின் சுற்றாடல் உத்தியோகத்தரும் நல்ல மழை நாளொன்றைத் தெரிந்தெடுத்தே வந்தார்கள். வெயில் நாளில் எல்லாக் கொட்டிலும் சுத்தமாகத்தான் தெரியும் என்பது பரிசோதகரின் வாதம். அவர் மாடுகளைப் பார்க்கவில்லை. தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றச் சொல்லி, அது எந்த வழியாகப் போகிறது என்று குடையைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்ந்தார். தண்ணீர் கொட்டிலின் தரையிலிருந்து தேயிலை மலைக்கு வெட்டிய பழைய கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கி, அங்கே கூரை நீருடன் கலந்து, நேராக ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஓடை கொத்மலை ஓயாவில் விழுகிறது. கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. முப்பது வருடம் புவியியல் கற்பித்த எனக்கு அந்த வழித்தடம் மனப்பாடம். ஆனால் அதன் முதல் ஐம்பது அடி என் கொட்டிலுக்குள் தொடங்குகிறது என்பதை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அங்கேயே நின்று கணக்கையும் போட்டுக் காட்டினார்கள். ஒரு கலப்பினப் பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிலோ சாணம் போடும். நான்கு பசுக்களுக்கு 100 கிலோ. அதற்குச் சமமாகத் தண்ணீர் கலந்தால் 200 லீற்றர் கரைசல். அதை 50 நாட்கள் தேக்கி வைக்க 10 கன மீற்றர் கொள்ளளவுள்ள, சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் உயிர்வாயுக் கலன் வேண்டும். வெப்பமான இடத்தில் ஒரு கிலோ புதுச் சாணத்திலிருந்து 40 லீற்றர் வரை வாயு கிடைக்கும் என்றாலும், எங்கள் குளிரில் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும் என்பதால் அந்த அளவை எதிர்பார்க்க வேண்டாம் என்று சுற்றாடல் உத்தியோகத்தர் முன்கூட்டியே எச்சரித்தார். கலன் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அவர் விதித்த நிபந்தனைகள் மூன்றுதான்: கூரை நீரைத் தனிக் கானில் திருப்ப வேண்டும், சாணக் குழிக்குக் கூரை போட வேண்டும், கழுவு நீர் எதுவும் ஓடைக்குப் போகக் கூடாது. கலன் கட்டுவது என் விருப்பம் என்றார், நான் கட்டினேன். சரிவில் குழி தோண்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் பரிந்துரையையும் பெற்றுவருமாறு மன்றம் கேட்டதால் மேலும் சில வாரங்கள் கழிந்தன. மண்சரிவைக் கண்ணால் கண்ட ஊரில் அதைத் தாமதம் என்று குறைகூற எனக்கு மனம் வரவில்லை. இப்போது காலைத் தேநீரும் இரவுச் சோறும் அந்த வாயுவில் ஆகின்றன. கடுங்குளிரில் மட்டும் விறகையும் மூட்ட வேண்டியிருக்கிறது. மணம் பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஓடையைப் பொறுத்தவரை மன்றம் சொன்னது முழுவதும் சரி. தூரத்தைப் பற்றி அவர்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அருகிலுள்ள கட்டடத்திலிருந்து கொட்டில் போதிய தொலைவில் இல்லை என்று என் விண்ணப்பக் கோவையில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. அந்தக் கட்டடம் ஒரு விடுதியின் பின்சுவர். கொட்டிலுக்குப் பல வருடங்களுக்குப் பின்னர் எழும்பியது. அதற்குக் கட்டட அனுமதி கொடுத்ததும் இதே மன்றம்தான். விடுதி கட்ட அனுமதி கேட்டவரிடம், பக்கத்தில் மாடு கட்டியிருப்பது தெரியுமா என்று ஒரு வரி கேட்டுக் கையொப்பம் வாங்கியிருந்தால் இந்த எட்டு மாதத்தில் பாதி மிச்சமாகியிருக்கும். நகரம் வளர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வளர்ந்துவந்து மோதியவர் ஒருவராக இருக்க, தூரத்தை அளப்பது மற்றவரின் வாசலிலிருந்து மட்டும் என்பதே என் முறைப்பாடு. குறிப்பை நீக்கவில்லை, 'முன்பிருந்தே இயங்கும் கொட்டில்' என்று பக்கத்தில் எழுதி அனுமதித்தார்கள்.

என் மச்சானுக்கு அந்த வழியும் கிடைக்கவில்லை. அவர் இரண்டு மைல் அப்பால் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் ஓர் அறையில் இருக்கிறார். லயத்தின் பின்புறம் இரண்டு பசுக்கள் கட்டியிருக்கிறார். தோட்டக் காணிகள் 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் இருப்பதால், நான்கு தலைமுறையாக அங்கே வாழ்பவர் கையில் காணி உறுதி என்று எதுவும் இல்லை. தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கொண்டுவருமாறு மன்றம் கூறியது. கொட்டிலை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் தர முடியாது என்று நிர்வாகம் கூறியது. கிராமப்புற உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள்ளும் பணியாற்றலாம் என்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பின்னரும், கருமபீடத்தில் கேட்கப்படும் முதல் காகிதம் மாறவில்லை. விண்ணப்பமே ஏற்கப்படாததால் பரிசோதனையும் இல்லை. மழையில் வந்து ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்க்கும் அந்த நல்ல உத்தியோகத்தர் மச்சானின் கொட்டிலுக்கு ஒருபோதும் வரப்போவதில்லை. அவருடைய கானும் அதே ஓடையில்தான் விழுகிறது.

பரிசோதனைக்கு ஐந்தில் ஐந்தும் கருமபீடத்துக்கு ஐந்தில் ஒன்றும் கொடுப்பேன். விண்ணப்பிக்க இருப்பவர்கள் நான் மேலே சொன்ன நான்கு காகிதங்களையும் முதல் நாளே கொண்டுசெல்லுங்கள். அயலவர் கடிதத்தை முறைப்பாடு எழுமுன்னரே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். என் அனுமதிப்பத்திரம் ஒக்டோபர் மாதக் கடைசியில் கைக்கு வந்தது. அது செல்லுபடியாவது டிசம்பர் 31 வரை. ஜனவரியில் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.