மாந்தோப்புக்குள் ஒரு பழைய குட்டி டிராக்டர்: பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

பழைய குட்டி டிராக்டர் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் எல்லாருமே முதலில் கேட்பது, "இழுக்குமா?" என்றுதான். வேலூர்ப் பக்கம் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இழுவை பெரிய பிரச்சினையே இல்லை. சூடு ஒன்று, பிடிப்பு ஒன்று, இந்த இரண்டும்தான் பிரச்சினை. நான் வண்டியில் செய்த மாற்றங்களில் காசுக்குப் பிரயோஜனமானவை எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

வண்டி 18 குதிரைத்திறன் வகையறா, மூன்று சிலிண்டர் டீசல். கம்பெனிப் பெயர் வேண்டாம். கீழே சொல்லும் கோளாறுகள் வயசால் வந்தவை. இருபது வருஷம் வெயிலில் நின்ற எந்த வண்டிக்கும் வரும். கே.வி.குப்பம் பக்கம் மாந்தோப்பு, ஓரமாகக் கொஞ்சம் மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லை. மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டு நட்டதுதான், ஆனாலும் வளர்ந்த பெங்களூரா ரக மாமரம் கிளையைத் தரை வரைக்கும் தொங்கவிட்டிருக்கும். 45 எச்.பி. வண்டியை உள்ளே விட்டால் உழவும் நடக்காது, கிளையும் மிஞ்சாது. குட்டி வண்டி என்றால் குனிந்து ஓட்டினால் போதும்.

அமெரிக்காவில் இதைவிடச் சின்ன வண்டிகளுக்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டமே உண்டு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961-ல் இறக்கிய கப் கேடட் வண்டிகளை இன்னும் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். புல் வெட்ட, பனி தள்ள, சிலர் எஞ்சினை மாற்றி இழுவைப் போட்டிக்கும் கொண்டுபோகிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து நம்ம ஊரில் சில பையன்கள் டீசல் கூடுதலாக விழட்டும் என்று டீசல் பம்ப் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்துவிடுகிறார்கள். கறுப்புப் புகை வந்தால் பவர் கூடிவிட்டது என்று நினைப்பு. கறுப்புப் புகை என்பது எரியாமல் போகிற டீசல். அது வந்த பிறகு கூடுவது சூடு மட்டும்தான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக்கு மேல் காயும் ஊரில் அந்த வேலையே வேண்டாம்.

சரி, சூட்டுக்கு வருவோம். எங்கள் பக்கம் போர்த் தண்ணியில் உப்பு அதிகம். குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் எஞ்சின் பிளாக்குக்குள்ளும் படியும். வாங்கியபோது மேல்தொட்டி மூடியைக் கழற்றிப் பார்த்தால் குழாய் வாயெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது. ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தகட்டுக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு மழைத் தண்ணி, இல்லையென்றால் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர், அதோடு பாதிக்குப் பாதி கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணியில் கலக்கிற திரவம்). கூலன்ட் கலந்தால் கொதிநிலை ஏழெட்டு டிகிரி ஏறும். மூடியின் அழுத்தம் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதனால் மூடி ரப்பர் உப்பியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். சின்னக் காசுதான்.

தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணி போகாமல் மூடிவைக்கிற வால்வு, அந்த விஷயத்தில் மெக்கானிக் அண்ணனோடு எனக்கு இன்றைக்கும் வழக்கு தீரவில்லை. "இன்னா சார், நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு? எடுத்து கடாசு, வண்டி ஜில்லுனு ஓடும்" என்பார். எடுத்துவிட்டால் காலையில் எஞ்சின் சூடேறவே நேரம் பிடிக்கும். அதுவரை சிலிண்டர் தேயும், டீசல் ஆயிலோடு கலக்கும். சில எஞ்சின்களில் பைபாஸ் என்கிற குறுக்கு வழி அடைபடாமல் போய், பாதித் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே உள்ளுக்குள் சுற்றும். அப்புறம் எங்கே ஜில்? சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணியில் போட்டு அடுப்பில் வையுங்கள், கூட ஒரு தெர்மாமீட்டர். என்னுடையதில் 82 என்று பொறித்திருந்தது, அந்தச் சூட்டுக்கு வாய் திறக்க ஆரம்பித்தது. திறக்கவில்லை என்றால் புதுசு போடலாம். வெறுமனே எடுத்து எறிவது வைத்தியம் இல்லை.

மாந்தோப்புக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு தொல்லை உண்டு. தை, மாசியில் பூ எடுக்கும்போது தத்துப்பூச்சி வந்துவிட்டால் இலையெல்லாம் தேன் தெளித்த மாதிரி பிசுபிசுக்கும். அந்த நேரத்தில் மரத்தடியில் ஓட்டினால் உதிர்ந்த பூவும் பிசினும் புழுதியும் சேர்ந்து ரேடியேட்டர் சல்லடையில் அடை கட்டிவிடும். காற்று அடித்தால் போகாது. சோப்புத் தண்ணியைத் தெளித்து ஊறவிட்டு, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணி அடிக்க வேண்டும். முன்பக்கமிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போய் உட்காரும். இதற்காகவே கிரில்லுக்குள் கொசுவலைக் கம்பி பொருத்திய ஒரு சட்டம் வைத்தேன், மேலே உருவி எடுக்கிற மாதிரி. வண்டியில் நான் செய்த மாற்றங்களிலேயே மலிவானது அது, அதிகம் உழைப்பதும் அதுதான். உடைந்துபோன ஃபேன் கூண்டுக்குப் பதிலாகத் தகரத்தில் ஒன்று அடித்து வாங்கினேன். கூண்டு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, ஓரத்துச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பிடிப்பு. சின்ன வண்டி எடை குறைவு, காய்ந்த கொல்லையில் கலப்பை இறங்கியதும் பின்சக்கரம் வழுக்கும். ட்யூபில் தண்ணி ஏற்றினேன். வால்வை மேல்பக்கம் வைத்து வால்வு மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு தண்ணி, மீதிக்குக் காற்று. குளிர் நாடுகளில் உறையாமல் இருக்க உப்பு கலப்பார்கள், நமக்கு அது தேவை இல்லை. பின்னால் மாட்டுகிற சுழல் கலப்பையான ரோட்டவேட்டரைத் தூக்கினால் முன்பக்கம் லேசாகிறது என்பதற்காக முன்னால் இரும்புத் தகடுகள் போல்ட் போட்டு மாட்டினோம். வெல்டிங் வைக்கவில்லை, கழற்ற முடிய வேண்டும். டயருக்குப் பக்கத்தில் கான்கிரீட் ஊற்றி எடை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சக்கர பேரிங் மேல் இரக்கம் இருந்தால் அதைச் செய்யாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. மரக்கட்டையை இழுக்கச் சங்கிலியைப் பின்பக்கம் கலப்பை மாட்டுகிற மேல் கம்பியில் (மேல் லிங்க்) மாட்டுகிறார்கள் பாருங்கள், அது உயிரோடு விளையாடுவது. பின் அச்சுக்கு மேலே இழுவை விழுந்தால் முன்சக்கரம் தூக்கி வண்டி ஓட்டுகிறவன் மேலேயே கவிழும். இழுவை என்றால் கீழே இருக்கிற இழுவைக் கம்பியில் (டிராபார்) மட்டும். ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கிற பி.டி.ஓ. ஷாஃப்ட் ஓடும்போது தோளில் துண்டோ அவிழ்ந்த லுங்கியோ பக்கத்தில் வரக் கூடாது. நிமிஷத்துக்கு 540 சுற்று. துணி சிக்கினால் கத்தக்கூட நேரம் இருக்காது.

சைலன்சர் நேராக மேலே நிற்பது தோப்புக்கு ஒத்துவரவில்லை. கிளையில் இடித்து அதை எஞ்சினோடு பிடித்திருக்கும் மேனிஃபோல்டு ஸ்டட் முறிந்துவிடும். கீழே இறக்கினால் காய்ந்த சருகில் தீ பிடிக்கும் ஆபத்து. கடைசியில் பானட்டுக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டி, பக்கவாட்டில் வளைத்துவிட்டேன். மழையில் நிற்கும்போது தண்ணி இறங்காமல் இருக்கக் குழாய் வாயில் பால்பவுடர் டப்பா கவிழ்த்து வைத்த வேலையும் இனி இல்லை. புகை கொஞ்சம் முகத்துக்கு வருகிறது. பொறுத்துக்கொள்ளலாம்.

மின்சாரப் பக்கம் பேட்டரியை சார்ஜ் செய்கிற பழைய டைனமோவைத் தூக்கிவிட்டுக் கார் ஆல்டர்னேட்டர் போட்டேன். காட்பாடியில் லேத் பட்டறையில் பிராக்கெட் கடைந்து வாங்கியது. பெல்ட் நேர்க்கோட்டில் ஓட வேண்டும், ஓடும்போது மீட்டரில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ராத்திரியில் தண்ணி திருப்பப் போகும்போது எல்.இ.டி. விளக்கு பகல் மாதிரி இருக்கிறது.

ஸ்பேர் கிடைக்குமா என்பது நியாயமான பயம். பாதிப் பயத்தை பேரிங் கடையே தீர்த்துவிடும். பேரிங்கில் நம்பர் பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர், எந்த வண்டியில் இருந்து கழற்றினாலும் அதேதான். ஆயில் சீலிலும் மூன்று அளவும் எழுதியிருக்கும். டிராக்டர் கம்பெனி டப்பாவில் வந்தால் ஒரு விலை, நம்பர் சொல்லிக் கேட்டால் வேறு விலை. கியர், கிராங்க் மாதிரி சாமான்களுக்குத்தான் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று அலைய வேண்டி வரும். அங்கே பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள். போட்டோவை நம்பி வாங்கினால் பல் எண்ணிக்கை ஒன்று குறையும்.

வாங்கப் போகிறவர்கள் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லும் முன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காகச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துபோய்விட்டது. ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் ஒத்துப்போகிறதா பாருங்கள். டிராக்டருக்குப் பதிவு 15 வருஷம், அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சினையே மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்காமல் ஆகாது. விளக்கு, எடைத்தகடு போல எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடிய மாற்றங்களோடு நான் நின்றுவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு கோளாறு இன்னும் பாக்கி. ரோட்டவேட்டரைத் தூக்கி எஞ்சினை நிறுத்தினால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. தூக்குகிற லிஃப்ட் பிஸ்டனின் ஓரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும், இல்லை கன்ட்ரோல் வால்வு கசியும். ஓரிங் வாங்கி வைத்தாகிவிட்டது. மாங்காய் இறக்கி முடித்ததும் பிரிக்க வேண்டும்.