சோலார் கேம்பிங் சமையல்: இண்டக்ஷனா, குட்டி ரைஸ் குக்கரா?

கேஸ் அடுப்பை முதலிலேயே விட்டுவிட்டேன். ஆனி, ஆடியில் குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் காற்றில் அடுப்பு பற்றவைத்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் இரண்டு: இண்டக்ஷன் அடுப்பு, 300 வாட் குட்டி ரைஸ் குக்கர். நான் வாங்கியது குக்கர்.

இண்டக்ஷன் வேகமானது, சூட்டை வீணாக்காதது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க எப்படியும் 85 வாட்-மணி அளவு வேண்டும். அதற்கு மேல் வீணாவது இண்டக்ஷனில் குறைவுதான். ஆனால் தோப்பில் கூடாரம் போட்டுச் சமைக்கும்போது மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்பதைவிட, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் முக்கியம்.

என்னிடம் இருப்பது 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. கணக்குக்கு 1,280 வாட்-மணி. 1,500 வாட் இண்டக்ஷனை ஓட்டினால், இன்வெர்ட்டர் இழப்பும் சேர்ந்து பேட்டரியிலிருந்து 130 ஆம்பியருக்கு மேல் போகும். இந்த அளவு பேட்டரிகள் பலவற்றில் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) வரம்பே 100 ஆம்பியர்தான். தாண்டினால் சட்டென்று துண்டித்துவிடும். தடித்த கேபிள், பெரிய பியூஸ், 2,000 வாட் இன்வெர்ட்டர் என்று செலவும் எடையும் ஏறிக்கொண்டே போகும். குக்கர் இழுப்பது 27 ஆம்பியர் போல. 600 வாட் இன்வெர்ட்டர் தாராளம்.

இண்டக்ஷனைக் குறைத்து வைத்தால் ஆகாதா? விலை குறைந்த அடுப்புகள் பலவும் குறைந்த அளவில் வைத்தாலும் ஆயிரம் வாட் பக்கம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கும். சராசரிதான் குறைகிறது, பேட்டரிக்கு அடி அதே அடிதான். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கிவருபவர்களுக்கு இன்னும் மோசம்; வேகமாக இழுத்தால் லெட் ஆசிட் பேட்டரி தன் முழு அளவைத் தரவே தராது.

இன்னொரு லாபமும் உண்டு. உச்சி வெயிலில் 200 வாட் பேனல் 140 வாட் தந்தால், குக்கருக்கு வேண்டியதில் கிட்டத்தட்ட பாதி நேராக வெயிலிலிருந்தே வந்துவிடும். அதனால் மத்தியானமே சமைத்துவிடுங்கள். பேனல் மேல் ஒரு தென்னோலை நிழல்கூட விழ விடாதீர்கள், உற்பத்தி அப்படியே படுத்துவிடும். ஐப்பசி மழையில் வெயிலை நம்ப வேண்டாம்.

மரச்சீனிக் கிழங்கு, பயறு, முட்டை எல்லாம் குக்கரில் அருமையாக வேகும். மீன்கறியும் கொதிக்கும், ஆனால் தாளிப்பு சரிவராது: தண்ணீர் இல்லாமல் சூடு நூறு டிகிரியைத் தாண்டியதும் சுவிட்ச் விழுந்துவிடும். அரைப்பை வீட்டிலேயே வதக்கிக் கொண்டுவருகிறேன். சம்பா அரிசி வேக நேரமெடுக்கும், அதை முன்கூட்டியே ஊறப்போட வேண்டும்.

வேனிலேயே 24 வோல்ட் பெரிய பேட்டரி பொருத்தியவர்களுக்கு இண்டக்ஷன் ஒத்துவரலாம், இழுக்கும் ஆம்பியர் பாதியாகிவிடுமே. அப்படி ஒரு அமைப்பில் நான் சமைத்துப் பார்த்ததில்லை.