சத்துவாச்சாரி ஞாயிறு இலக்கிய வகுப்பு: ஒரு மதிப்பீடு

வேலூர் சத்துவாச்சாரியில், ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் காலை நடைபெறும் இலக்கிய வாசிப்பு வகுப்புக்கு, முதுகலைத் தமிழ் பயிலும் என் தங்கையுடன் நான்கு வாரம் சென்றுவந்தேன். ஒரு படைப்பின் உட்பொருளை இனங்காணப் பழக்குவதே வகுப்பின் நோக்கம்.

முதல் நாள் ஒரு சிறுகதையை வாசிக்கச் சொல்லி, அதன் உட்பொருள் என்னவென்று ஆசிரியர் கேட்டபோது, பள்ளித் தேர்வுகளில் 'மையக்கருத்து' எழுதிப் பழகிய நாங்கள் 'வறுமை', 'தாய்ப்பாசம்' என்று ஒற்றைச் சொல்லில் விடையளித்தோம். அவையெல்லாம் பேசுபொருள்களே என்று ஒதுக்கிவைத்த அவர், வறுமையைப் பற்றி இந்தக் கதை எதைக் கண்டுசொல்கிறது என்று திருப்பிக் கேட்டார். அறையில் சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது.

அவர் எடுத்துக்கொண்ட அடுத்த எடுத்துக்காட்டு நம் வேலூர்க் கோட்டையே. 1806 ஜூலை 10 அன்று நிகழ்ந்த சிப்பாய் எழுச்சியைக் கதையாக்கினால், எழுச்சி அதன் பேசுபொருள். புதிய தலைப்பாகை, தாடி, நெற்றிக் குறி பற்றிய ஆணைகள் அதன் நிகழ்ச்சிகள். கூலிக்குப் போர் செய்பவன் தன்னில் எதை விற்க மறுக்கிறான் என்ற கேள்வியோ அதன் உட்பொருளாகலாம். அதே நாளை, எழுச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படையின் வீரன் ஒருவன் சொல்வதாக எழுதினால், நிகழ்ச்சிகள் மாறாமலே உட்பொருள் மாறிவிடும். நான் கட்டிய 800 ரூபாய்க்கு இந்த அரை மணி நேரமே போதும்.

ஒரு படைப்புக்கு ஓர் உட்பொருள்தான் உண்டு என்னும் எண்ணத்தைச் சிலப்பதிகாரத்தைக் கொண்டே கலைத்தார். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாவது, பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவது, ஊழ்வினை வந்து ஊட்டுவது என மூன்றை நூலின் முன்னுரைப் பாட்டான பதிகமே சொல்லிவிடுகிறது. அத்துடன் நிறைவடையாமல், காப்பியத்தில் சிலம்பு வரும் இடங்களையெல்லாம் குறித்துவரச் சொன்னார். திரும்பத் திரும்ப வருவதைத் தொடர்ந்தால் பதிகம் சொல்லாததும் புலப்படும் என்பது அவர் கருத்து.

ஆனால் வழங்கப்பட்ட ஜெராக்ஸ் தாள்களில் உட்பொருளைக் 'கருப்பொருள்' என்றே அச்சிட்டிருந்தார்கள். இன்று பலரும் அப்படி எழுதுகிறார்கள் என்றாலும், தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்பது ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் குறிக்கும். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல் என்று ஒவ்வொரு திணைக்கும் உரிய ஒழுக்கமாக வரும் உரிப்பொருளே உட்பொருளுக்கு நெருக்கமானது. அதுவும் முழுமையாகப் பொருந்தாது. பழந்தமிழ்த் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கும் மாணவரை இது நிச்சயம் குழப்பும். தங்கை இதைச் சுட்டிக்காட்டியதும் ஆசிரியர் ஏற்றுக்கொண்டு பேச்சில் சொல்லை மாற்றிக்கொண்டார். தாள்கள் மட்டும் கடைசிவரை மாறவில்லை.

இருக்கை வசதி சுமார். வண்டி நிறுத்த இடம் இல்லை. நாவலுக்கென்று வைத்திருந்த நான்காம் வாரத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டதுதான் பெரிய ஏமாற்றம்: நானூறு பக்கங்களில் ஓர் உட்பொருள் எப்படி வளர்கிறது, எங்கே தன்னையே மறுத்துக்கொள்கிறது என்பதைப் பார்க்கவே நான் சேர்ந்தேன். நாவலுக்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்குவார்களானால் மீண்டும் பணம் கட்டுவேன்.